கல்லூரி நிலம் யாருக்கு உரியது? காஞ்சிபுரம் மகாஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

காஞ்சிபுரம் மாநகரிலும், அதனைச் சூழ்ந்த வாலாஜாபாத், உத்திரமேரூர், செய்யாறு வட்டாரத்துக் கிராமங்களிலும் வாழும் மகாஜனங்களே!

2025 அக்டோபர் மாதத்தில், தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்தச் சட்ட முன்வடிவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் எவ்வளவு விரைவாக நிறைவேறிற்று என்பதும், கல்லூரி ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் பல கட்சிகளும் ஒருமித்து எழுப்பிய கண்டனத்துக்குப் பிறகு, அது மறுஆய்வு செய்யப்படும் என்று உயர்கல்வி அமைச்சர் கோவி. செழியன் சில நாட்களிலேயே அறிவிக்க நேர்ந்தது என்பதும் நீங்கள் அறிந்தவையே. அறிவிப்பு வந்ததும் ஊர் நிம்மதியாக உறங்கப் போய்விட்டது. அந்த உறக்கத்தைக் கலைக்க வேண்டும் என்பதற்காகவே, நெசவாளர் வீதிகளிலும் பாலாற்றங்கரைக் கிராமங்களிலும் வாழும் பெற்றோரும், இவ்வூர்க் கல்லூரிகளில் படித்து வெளிவந்த பழைய மாணவரும் ஆகிய நாங்கள் இந்த விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கிறோம். மறுஆய்வுக்குப் போன ஒரு முன்வடிவு மறுபடியும் வரக்கூடியது. பெயரை மாற்றிக்கொண்டும் வரக்கூடியது.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் வேண்டும். திருத்தமோ, மாநகராட்சி எல்லைக்குள் 25 ஏக்கர் போதும், நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 35 ஏக்கர் போதும், ஏனைய இடங்களில் 50 ஏக்கர் போதும் என்று அளவைச் சுருக்கியது. அத்துடன் நில்லாமல், ஏற்கனவே நடந்துவரும் கல்லூரிகள், அரசின் உதவி பெறும் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகங்களாக உருமாறுவதற்கும் வழி திறந்துவிட்டது. இந்த எண்களை நம் ஊரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. அன்று நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையே நம் ஊர்க் கல்லூரிகளுக்கு நூறு ஏக்கர் என்ற வேலியைக் கால் பங்காகக் குறைக்கும் காரணமாகிவிடும் என்று யார் நினைத்தோம்? புதிதாக நிலம் வாங்கிப் பல்கலைக்கழகம் கட்ட வருகிறவனுக்கு அளவைக் குறைப்பதாவது ஒரு வாதத்துக்கு இடமளிக்கும். நூறாண்டு காலமாகத் தருமத்தின் பேரிலும் பொதுப் பணத்தின் பேரிலும் சேர்ந்த நிலத்தையும் கட்டடத்தையும் நூலகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு வேறொரு ஸ்தாபனமாக மாறுவதற்கு எந்த வாதமும் இல்லை.

உதவி பெறும் கல்லூரி என்பது என்ன? ஆசிரியருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. கட்டணத்துக்கு வரம்பு இருக்கிறது. சேர்க்கையில் 69 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. நிர்வாகம் மனம்போனபடி ஓர் ஆசிரியரை வெளியேற்றாமல் தடுக்க 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. இத்தகைய கல்லூரிகள் தமிழ்நாட்டில் 160க்கும் மேல். இன்று படிப்பவருக்கும் பணிபுரிபவருக்கும் ஒரு குறையும் வராது என்று சமாதானம் சொல்லப்படுமானால், நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இன்று பிள்ளையார்பாளையத்தில் தறியடியில் தவழ்கின்ற குழந்தை பதினேழு ஆண்டு கழித்து எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்கும்?

இந்த ஊர் இக்கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை, கோர்வைச் சேலை நெய்யும் தறியில் கரை இழைப்பதற்கு ஒரு சிறு பிள்ளை உட்கார வேண்டும் என்பதற்காகவே எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றார்கள். அந்த நிலை மாறியது, பெற்றோரின் மனம் மாறியதனால் மட்டுமல்ல. படித்தால் போவதற்கு, கைக்கெட்டும் கட்டணத்தில், பஸ் போய் வரும் தூரத்தில் ஒரு கல்லூரி இருந்ததனாலும்தான். நெசவாளர் குடும்பத்தில் 1909இல் இவ்வூரில் பிறந்த அண்ணாதுரை பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார், வறுமையினால் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார், பிறகு கல்லூரிக்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பச்சையப்பன் பெயரில் காஞ்சிபுரத்திலேயே ஒரு கல்லூரி 1947இல் வந்தது. அதன்பின் பெண்களுக்கும் ஒன்று வந்தது. தந்தை தறியில் உட்கார்ந்திருக்கும்போதே மகள் பட்டம் பெற்று வீட்டுக்குத் திரும்புவது அப்போதுதான் சாத்தியமாயிற்று.

அந்தப் பெயருக்குரிய மனிதரை இங்கே நினைப்பது பொருத்தம். 1794இல் நாற்பதாவது வயதில் இறந்த பச்சையப்ப முதலியார், தம் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கென்று உயிலில் எழுதி வைத்தார். அதன் மேல் பல்லாண்டு வழக்கு நடந்தது. தரும காரியங்களுக்குப் போக எஞ்சிய தொகை கல்விக்கென்று நீதிமன்றத்தால் ஒதுக்கப்பட்டது. 1842இல் சென்னையில் பள்ளி எழுந்தது. ஒருவருடைய சொந்தச் சம்பாத்தியமே ஊர்ச்சொத்தாகிவிட்ட வரலாறு அது. இன்றைய எந்த நிர்வாகத்தின் மீதும் நாங்கள் குற்றம் சாட்டவில்லை. எந்த நிர்வாகத்துக்கும் சபலம் உண்டாக்கும்படியான ஒரு சட்டத்தைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

சொத்தைக் காப்பது ஒன்று, அதைச் செலவிடும் முறை இன்னொன்று. ஒரு சிறிய கிராமத்துக் கல்லூரி தன்னிடமுள்ள பொருளை எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்பதைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் எழுந்தருளும்போது ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் போவார். நம்மில் பலர் பின்னாலேயே போயிருக்கிறோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற அந்த ஊர்க் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு கல்லூரியின் வரவு செலவுத் திட்டமே பொறிக்கப்பட்டிருக்கிறது. வேதத்துக்கும் வியாகரணத்துக்கும் ஆசிரியருக்கு இவ்வளவு, மாணவர் உணவுக்கு இவ்வளவு, இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கு இவ்வளவு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இவ்வளவு, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கு இவ்வளவு என்று நெல்லும் காசும் பகுத்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்லூரிக்குள் நெசவாளன் மகனோ உழவன் மகளோ நுழைந்திருக்க முடியாது என்பதை நாங்கள் மறக்கவில்லை. வாசல் எல்லோருக்கும் திறந்த பிறகு, பகிர்ந்தளிக்கும் புத்தி மட்டும் நம்மை விட்டுப் போய்விட்டதே என்பதுதான் எங்கள் துக்கம். ஆசிரியன், சோறு, விளக்கு: வரிசை அதுவாகத்தான் அன்று இருந்தது.

இன்றைய வரிசையைப் பாருங்கள். மாணவர்களை உள்ளே அழைத்துவரும் காரியத்தை அரசு நன்றாகவே செய்திருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. 2021–22ஆம் ஆண்டுக் கணக்கின்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் நாடு முழுவதும் 28.4, தமிழ்நாட்டிலோ 47. உள்ளே வந்த பிள்ளைக்குப் பாடம் சொல்ல யார் இருக்கிறார்கள்? அரசுக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு 2013இல் அறிவிக்கை வந்தது. 2024இல் 4,000 இடங்களுக்கு வந்த அறிவிக்கை நிறைவேறவில்லை. 2025இல் 2,708 இடங்களுக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள்தாம் அந்தக் கல்லூரிகளைத் தாங்கினார்கள். அவர்கள் பெற்ற ஊதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்த உச்ச அளவு 50,000. நிரந்தர ஆசிரியர் பணியில் சேரும்போது பெறும் அடிப்படை ஊதியம் 57,700. உதவி பெறும் கல்லூரிகளிலும், ஓய்வு பெற்றவரின் இடம் நிரம்பாமல் கிடக்க, சுயநிதிப் பிரிவின் கட்டணத்தைக் கொண்டு குறைந்த சம்பளத்தில் ஆள் அமர்த்தி ஒப்பேற்றுகிற வழக்கம் வேரூன்றிவிட்டது. முனைவர் பட்டம் பெற்றவர், ஒரகடத்துத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப்போகும் தம் மாணவனைக் காட்டிலும் குறைவாகச் சம்பாதிக்கும் நிலை உண்டானால், எந்தக் கெட்டிக்காரன் இனி ஆசிரியனாக முன்வருவான்? இந்நிலையில் பல்கலைக்கழகப் பலகை மாட்டிக்கொள்வது, பாவு ஓடாத தறிக்கு ஜரிகை வாங்கி வைப்பதைப் போன்றது.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. கும்பாபிஷேகம் என்றால் வாரி வழங்குகிறோம், கருட சேவைக்கு வரும் கூட்டத்துக்குத் தெருவெல்லாம் அன்னதானம் செய்கிறோம், நல்ல காரியங்கள்தாம். கல்லூரிக்கு என்ன செய்தோம்? வசதி பெற்ற பழைய மாணவர் பலர் தம் பெயர் பொறித்த நுழைவாயில் வளைவையும் மேடையையும் கொடுக்க முந்துகிறார்களே தவிர, ஓர் ஏழைப் பெண்ணின் தேர்வுக் கட்டணத்துக்கோ, ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குழாய்களுக்கோ கையை நீட்டுவதில்லை. கேட்டால், கேட்பார் யாருமில்லை என்கிறார்கள். இதோ, நாங்கள் கேட்கிறோம்.

எங்கள் வேண்டுகோள் இது. திருத்த முன்வடிவு மறுஆய்வில் கிடக்கலாகாது. அடியோடு கைவிடப்பட வேண்டும். உதவி பெறும் எந்தக் கல்லூரியின் நிலமும் கட்டடமும் உருமாற்றத்துக்கு உட்படக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். காலியான உதவி பெறும் பணியிடங்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை என்பதை நிர்வாகங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அவை நிரம்பும்வரை அலங்காரக் கட்டடத்துக்கு ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. மாநகராட்சி மன்ற உறுப்பினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கிராம சபை கூடும் நாட்களில், சாக்கடையையும் தெருவிளக்கையும் கேட்பதோடு இதையும் எழுந்து நின்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.

வாக்குக் கேட்டு உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர் எந்தக் கட்சியினராயினும், அந்த நகலை நீட்டி, இதில் உங்கள் கையெழுத்து உண்டா என்று கேளுங்கள். கையெழுத்திட மறுப்பவரின் பெயரை நாங்கள் தெருத்தெருவாகச் சொல்லப் போகிறோம். கேட்காமல் விட்ட பெற்றோரும், நாளை கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து அழ வேண்டாம்.

இங்ஙனம்,
காஞ்சிபுரம் வட்டாரப் பெற்றோரும் பழைய மாணவரும்