உடைபடாத எண்கள் காக்கும் பணம்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துள்ள ஊர் கொட்டச்சேடு. காப்பியும் மிளகும் விளையும் பூமி. அங்கே ஒருவர் 12 காப்பி நாற்றுகளை நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 வரிசையில் நாலு நாலாக நடலாம். 2 வரிசையில் ஆறு ஆறாகவும் நடலாம். 13 நாற்று என்றால்? ஒரே நீள வரிசைதான்! சம வரிசைகளாகப் பிரிக்கவே முடியாது.

இப்படிப் பிரிபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் அந்த ரகம். இவற்றுக்கு முடிவே கிடையாது என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்.

475 நாள் எழுதவேண்டும்!

அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டூரண்ட் (வயது 36) 2024 அக்டோபரில் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதுவரை அறிந்தவற்றில் அதுவே பெரியது. 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் அந்த எண் வரும். அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாக, இரவு பகல் தூங்காமல் எழுதினாலும் 475 நாள் ஆகும்! 17 நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களை இதற்காக ஓடவிட்டார். பரிசு 3,000 டாலர். செலவோ அதைப் போலப் பல மடங்கு.

இதனால் என்ன பயன்? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் இதன் சின்னத் தம்பிகள்தான் நம் பணத்துக்குக் காவல்.

ரகசியச் சாவி

கொட்டச்சேட்டுக்காரர் காப்பி விற்ற பணம் வங்கியில் ஏறிவிட்டதா என்று செல்போனில் பார்க்கிறார். அந்தச் செய்தி பூட்டிய பெட்டிபோல வருகிறது. இத்தகைய பூட்டுகளில் பல, 1977-ல் அமெரிக்காவில் மூன்று அறிஞர்கள் வகுத்த முறையில் அமைந்தவை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குகிறார்கள். விடை ஊருக்கே தெரியும். பெருக்கிய இரண்டு எண்கள் மட்டும் ரகசியம். அவையே சாவி!

13-ஐ 17-ஆல் பெருக்கினால் 221. பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். 221 எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அப்பாவும் தலையைச் சொறிவார். பூட்டில் உள்ள எண்ணுக்கோ சுமார் 617 இலக்கம். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றை உடைக்கவே ஏராளமான கம்ப்யூட்டர்கள் மாதக்கணக்கில் உழைத்தன.

டூரண்டின் எண் ஊரறிந்தது. ஆகவே சாவிக்கு உதவாது.

கான்பூர் சாதனை

ஓர் எண் பகா எண்தானா என்று சோதிப்பது, உடைப்பதைப் போல அவ்வளவு கஷ்டம் அல்ல. சந்தேகம் இல்லாமலும் விரைவாகவும் சோதிக்க வழி உண்டு என்று 2002-ல் நிரூபித்தவர்கள் நம் நாட்டினர். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும்தான் அவர்கள். சாவி தயாரிப்பவர்கள் இன்னும் வேகமான வேறு சோதனைகளைக் கையாளுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சோதிப்பது சுலபம், உடைப்பது கஷ்டம். இந்த வித்தியாசத்தில்தான் பூட்டின் உயிர் இருக்கிறது.

அதற்கும் ஆபத்து உண்டு. குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற புதுவகை எந்திரம் பெரிதாக வளர்ந்தால் இந்தப் பூட்டை உடைத்துவிடும் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. இவை பகா எண்களின் பெருக்கத்தை நம்பி இருப்பவை அல்ல. இன்று பூட்டிய பெட்டியைத் திருடி வைத்து, அந்த எந்திரம் வந்தபின் திறக்கலாம் என்று யாராவது காத்திருக்கக்கூடும். அதனால் பழைய பூட்டுகளை மாற்றும் வேலை இப்போதே தொடங்கிவிட்டது.