வட்டம் போட்டா போதுமா? நடந்து பார்த்து வரையுங்க!



ஊர் வளர்ச்சிக்குப் போடுற வரைபடத்துல அடிக்கடி இப்படிப் பார்க்கலாம். ரேஷன் கடையை நடுவுல வச்சு 500 மீட்டருக்கு ஒரு வட்டம். அதுக்குள்ள வர்ற வீடெல்லாம் "வசதி உள்ள வீடு". பேப்பர்ல கணக்கு சரி. ஆனா அந்த வட்டத்தை நேரா கடக்க நமக்கு றெக்கையா இருக்கு?

நம்ம ஆத்தூரையே எடுத்துக்கோங்க. வசிஷ்ட நதி இருக்கு, ரயில் பாதை இருக்கு, கடலூர் மெயின் ரோடு இருக்கு. இதுல ஒண்ணுக்கு அந்தப் பக்கம் கடை இருந்தா, பாலமோ கேட்டோ இருக்கிற இடம் வரைக்கும் சுத்தித்தான் போகணும். 500 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டரா ஆகலாம். ஏழு நிமிஷ நடை இருபது நிமிஷம் ஆகும். அரிசி மூட்டையோட வர்ற அம்மாவுக்கு அது "பக்கம்" இல்லை.

2010ல் வந்த கட்டாயக் கல்வி விதிகளே, 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1 கிலோமீட்டர் "நடந்து செல்லும் தூரத்தில்" பள்ளி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. பிள்ளைகள் நடக்குற வழியைத்தான் அளக்கணும்.

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் தனிக் கொள்கை கொண்டு வந்தது. ஆத்தூர்க்காரங்க மட்டும் நடக்கலையா?

நாம் கேட்பது இதுதான்:

✅ ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப் எல்லாத்துக்கும் தெரு வழியா அளந்த நடை வரைபடத்தை நகராட்சி வெளியிடணும்.

✅ மூடி இல்லாத சாக்கடை, எரியாத தெருவிளக்கு, அடைபட்ட சந்து, வீல்சேர் ஏற முடியாத படி எல்லாம் அதுல இருக்கணும்.

✅ அடுத்த பட்ஜெட்ல எந்த ரோடு முதல்லங்கிறதை அந்த வரைபடமே முடிவு பண்ணணும்.

இதுக்குக் கோடிக்கணக்குல செலவு ஆகாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், கியூஜிஐஎஸ் ரெண்டுமே இலவசம். அடைச்சுக் கிடக்குற ஒரு சந்தைத் திறந்தாலே, புதுக் கடை கட்டாம நூறு வீட்டுக்குக் கடை பக்கத்துல வந்துடலாம். எந்தச் சந்துன்னு வட்டம் காட்டாது, நடை வரைபடம் காட்டும்.

உங்க தெருவுல எங்க சுத்திப் போறீங்க? கமெண்ட்ல போடுங்க. வார்டு வாரியாத் தொகுத்து நகராட்சியில் மனுவாகக் கொடுப்போம்.

#நடைவரைபடம் #ஆத்தூர்