மரம் வெட்டுவோர் யாருடைய தொழிலாளர்?

பெங்களூரு பொம்மசந்திரா தொழிற்பேட்டையைக் கடந்து ஆனேக்கல் வட்டத்துக்குள் சென்றால், பட்டா நிலங்களில் தைலமரத் தோப்புகளை இன்றும் காணலாம். நிலத்தடி நீரை முன்னிட்டுக் கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது. வளர்ந்து நிற்பவையோ வெட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. கட்டடங்களுக்குச் சாரக்கம்பாகவும் ஆலைகளுக்குக் கூழ்மரமாகவும் அவை போகின்றன.

தோப்பு கைமாறும் விதம் எளிது. வியாபாரி பார்வையிட்டு, மரம் நின்ற நிலையிலேயே மொத்தமாக விலை பேசுகிறார். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை அனைத்தும் அவர் பொறுப்பு. ஆள் தேடும் தொல்லையின்றி ஒரே தவணையில் பணம் கைக்கு வருவதால் சிறு விவசாயி இதையே விரும்புகிறார். அவரைக் குறைகூற இயலாது. ஆயின் விலை முடிந்தபின் வியாபாரியின் லாபம் எங்கிருந்து பெருகும்? மரத்தின் எடையை முன்பே குறைத்து மதிப்பிட்டிருக்க வேண்டும். அல்லது வெட்டுவோரின் கூலியைக் குறைக்க வேண்டும். முன்னதில் விவசாயி இழக்கிறார். பின்னதில் இழப்பவரின் பெயர் ஒப்பந்தத்திலேயே இல்லை.

கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் நிலத்து மரமாயினும் மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டலாகாது என்கிறது அது. தைலமரம், சவுக்கு, சில்வர் ஓக் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976இல்தான். மரத்துக்கான சட்டத்தையும் அதன் விலக்குகளையும் வியாபாரிகள் நன்கறிவர். மனிதருக்கான சட்டம் எந்த நிலையில் உள்ளது என்பதைத் தமிழகத்தில் நாடே கண்டது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 13 குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். சொற்ப முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் நாளேடுகளில் வெளிவந்தது.

அத்தகையோருக்கிருந்த சிறு காப்பும் இப்போது கழன்றுவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் ஐவர் இருந்தாலே 1979ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பைப் பத்தாக்கியது. ஒப்பந்தத் தொழிலாளர் வரம்பை இருபதிலிருந்து ஐம்பதாக்கியது. தோப்பு வெட்டப் போகும் குழு இரண்டு மூன்று குடும்பங்கள். எல்லை தாண்டி ஆனேக்கலுக்கு எண்மர் சென்றால் அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டார்கள். ‘எளிமைப்படுத்தல்’ என்று ஒன்றிய அரசு இதற்குப் பெயர் சூட்டியுள்ளது.

எடைக்கு விலை என்ற கோரிக்கையை விவசாயிகள் சங்கம் எழுப்பினால், விவசாயத் தொழிலாளர் சங்கம் அதனுடன் கூலியையும் சேர்த்துப் பேச இடமுண்டு. வெட்டுவோர் எத்தனை பேர், டன்னுக்குக் கூலி எவ்வளவு, முன்பணம் தரப்பட்டுள்ளதா என்ற விவரங்கள் விற்பனை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது: கொத்தடிமைக் கடன் செல்லாது, அது அத்தகைய கடனன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைத்தாக வேண்டும். தத்தம் மாவட்டத்தில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்பதிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.