பரிசு ஒருநாள், படிப்பு பல வருடம்!

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும், நம் ஊர்களில் விழாக்களுக்குப் பஞ்சமிருக்காது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மண்டபம் பிடித்து, மேடை போட்டு, முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்திப் பரிசுத் தொகை வழங்குகிறோம். படம் எடுத்துக் கொள்கிறோம். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் செங்கல் சூளைக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போய்விட்ட பிள்ளை அந்த மேடைக்கு வருகிறானா? அவன் பெயராவது நம் விழாக் குழுவுக்குத் தெரியுமா?

பரிசு என்பது ஓடி முடித்தவனுக்குத் தருவது. உதவித்தொகை என்பது பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்பவனுக்குத் தருவது. முன்னதை நாம் தாராளமாகச் செய்கிறோம். பின்னதை எத்தனை பேர் செய்கிறோம்?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே தங்களுக்குள் கேட்டுக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வேலை வெட்டி இல்லாமல் காட்டையும் குருவியையும் பார்த்துத் திரிகிறார்கள் என்று நம் கடைவீதி யாரைக் கேலி பேசுகிறதோ, அந்த இயற்கைக் கழகத்தார்தான் அவர்கள்!

ஓசூர் வட்டாரத்தில் கென்னத் ஆண்டர்சன் பெயரில் ஓர் இயற்கைக் கழகம் இயங்கி வருகிறது. ஆண்டர்சன், பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜவளகிரி, அஞ்செட்டி பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடி அலைந்து, அந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதியவர். 1974ல் காலமானார். அந்த வேட்டைக்காரரின் பெயரைத் தாங்கிய கழகம் இன்று மேலகிரி மலைகளில் காட்டுயிர்களைக் காக்கும் பணியில் இருக்கிறது.

நாட்டில் இப்படிப்பட்ட கழகங்கள் பல உண்டு. ஆரம்பத்தில் பறவைகளை எண்ணவும் விலங்குகளின் தடம் பார்க்கவும் போனவர்கள்தான் இவர்கள். காட்டோரத்து மக்களின் பிள்ளைகள் படிக்காமல் காடு பிழைக்காது என்பது நாளடைவில் அவர்களுக்குப் புரிந்தது. அதனால்தான் இன்று கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறார்கள். பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். முடிந்த இடங்களில் அவர்களுடைய படிப்புச் செலவுக்கும் கை கொடுக்கிறார்கள். இது நாம் செய்திருக்க வேண்டிய வேலை இல்லையா?

யானை வந்தால் யாருக்கு நஷ்டம்?

நம் மாவட்டத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் சிப்காட்; அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று இந்தியாவே அறிந்த ஆலைகள். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் காடுகள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரை 2014ல் அரசு காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. 2022ல் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்கு சரணாலயம் ஆயிற்று. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் காவேரி சரணாலயமும் பன்னேர்கட்டா காடும் இருக்கின்றன. யானைக்கு மாநில எல்லை தெரியாது. சோதனைச் சாவடியும் கிடையாது.

ஆண்டுதோறும் கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக வந்து சானமாவு வரை இறங்குகின்றன. தேசிய நெடுஞ்சாலையையே கடக்கின்றன. ஓசூர்க்காரனுக்கு அது செல்போனில் படம் பிடிக்கும் காட்சி. காட்டோர விவசாயிக்கு அது வருடம் முழுவதும் பட்ட பாடு ஒரே இரவில் போகும் துயரம். அப்பனோடு பிள்ளையும் பரண் மேல் ஏறி இரவு முழுவதும் காவல் இருக்கிறான். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறான். பேருந்து தவறினால் காட்டுப் பாதையில் நடந்து வர வேண்டும் என்பதால் பெண் பிள்ளையைப் பெற்றோர் வீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு வறுமை ஒரு காரணம். வழியில் நிற்கும் யானையும் ஒரு காரணம்!

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டு நகராமல் சுற்றி நின்றன. விவசாயி கைதானார். காட்டுக்கும் நஷ்டம், அந்தக் குடும்பத்துக்கும் நஷ்டம். யானை எந்த வழியாக வரும், பயிரை எப்படிக் காப்பது, இழப்பீட்டுக்கு எங்கே மனுக் கொடுப்பது என்று அந்த ஊரிலேயே படித்த பிள்ளைகள் நாலு பேர் எடுத்துச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கலாம். வெளியூர்க்காரர் சொல்லும் நூறு வார்த்தையைவிட உள்ளூர்ப் பிள்ளை சொல்லும் ஒரு வார்த்தைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

வியாபாரிக்கு இதில் என்ன?

இப்படிக் கேட்கும் அண்ணாச்சிமார்களுக்கும் பாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மண்டியில் எடை போடும் புளி எங்கிருந்து வருகிறது? தேன் எங்கிருந்து வருகிறது? கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் மாங்காய், பூவில் ஈயும் தேனீயும் உட்காராமல் காய்த்து விடுமா? காட்டின் நலிவு முதலில் தெரிவது நம் கல்லாப் பெட்டியில்தான். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதைப் பார்க்காதவர் நம்மில் உண்டா? ஆற்றைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. காட்டோரக் கிராமங்களை நம் வியாபாரிகள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. துணி மூட்டையோடும் புளிக் கொள்முதலுக்காகவும் மாடு வாங்கவும் சந்தைக்குச் சந்தை, ஊருக்கு ஊர் போய் வருகிறோம். வீட்டில் உருது, கடையில் தமிழ், தளிப் பக்கம் போனால் கன்னடமும் தெலுங்கும் என்று நாலு மொழி பேசுகிறோம். எந்த வீட்டில் பையன் படிப்பை விட்டான், எந்த இருளர் குடியிருப்பில் விடுதிக்குப் போன பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்பதெல்லாம் நம் காதுக்கு எட்டும். காட்டைப் பற்றிய அறிவு இயற்கைக் கழகத்திடம் இருக்கிறது. ஊரைப் பற்றிய அறிவும் உதவும் வசதியும் நம்மிடம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் என்ன?

வணிகர் வீட்டுப் பிள்ளை சலீம் அலி

இயற்கை ஆய்வெல்லாம் நமக்கு ஒத்து வராத துறை என்று நினைக்கும் இளைஞர்கள், டாக்டர் சலீம் அலியின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். 1896ல் பம்பாயில் ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமாவின் வீட்டில் வளர்ந்தார். 1908ல் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமா கடிந்து கொள்ளவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். சங்கத்தின் செயலாளர் மில்லார்டும் சிறுவன்தானே என்று விரட்டவில்லை. சேகரித்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். ஒரு கழகம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1883ல் தொடங்கிய அந்தச் சங்கம் ஆரம்ப ஆண்டுகளில் எங்கே இயங்கியது தெரியுமா? பிப்சன் என்ற வணிகர் தம் கடைக் கட்டடத்தில் கொடுத்த இடத்தில்! வியாபாரிக்கும் இயற்கைக் கழகத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல.

சலீம் அலியின் பாதை பூ விரித்த பாதையாக இருக்கவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போனார். மனம் பறவைகளின் பின்னாலேயே சென்றது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அரசின் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை மறுக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலையும், ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது பணமில்லை என்று எடுக்கப்பட்டிருந்தது. பிறகு ஐதராபாத், திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்கள் பறவைக் கணக்கெடுப்புக்குப் பொருளுதவி செய்தன. 1941ல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. 1958ல் பத்ம பூஷண், 1976ல் பத்ம விபூஷண். உலக அளவில் கிடைத்த பெரும் பரிசுத் தொகையைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்புக்கென ஒரு நிதியம் அமைத்தார். 1987ல் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990ல் தொடங்கிய பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேண்டிய நேரத்தில் உதவி கிடைக்காமல் போயிருந்தால் அவரும் கணக்குப் புத்தகத்தோடு முடிந்திருப்பார்.

"நம் பிள்ளைகளுக்கே இல்லையே!"

நம் சமுதாயத்திலேயே ஏழைப் பிள்ளைகள் ஆயிரம் இருக்க, காட்டோரப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை 2006ல் சச்சார் குழு அறிக்கை ஊரறியச் சொல்லிவிட்டது. ஆனால் உதவியை இரண்டு தட்டில் வைத்து ஒன்றைத் தூக்கினால் மற்றது தாழும் என்று எண்ண வேண்டாம். ஜகாத் நிதியில் கை வைக்கச் சொல்லவில்லை; அதன் வரம்புகள் வேறு, உரியவர்கள் வேறு. கடைத் திறப்பு விழாவுக்கும் கட்-அவுட்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைத்தான் கேட்கிறோம். ஒரே சந்தையில் நமக்குப் பொருள் கொண்டு வந்து தரும் குடும்பத்தின் பிள்ளை, எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் படிக்கட்டுமே!

நம் பிள்ளைகளுக்கும் இதில் வழி இருக்கிறது. தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007ல் கிடைத்தது. போராடிப் பெற்ற உரிமை. ஆனால் விண்ணப்பம் போட ஆள் வேண்டுமே! மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் படிப்பு இருக்கிறது. உதகை அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. வனக் காப்பாளர், வனவர் தேர்வுகள் நடக்கின்றன. இந்திய வனப் பணி என்று ஒன்று இருப்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவோம்? பொறியியல், மருத்துவம் என்ற இரண்டு வாசலில் மட்டும் முட்டி நிற்கிறோம். மற்ற வாசல்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன.

செய்ய வேண்டியது என்ன?

வணிகர் சங்கங்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் மூன்று காரியம் செய்யலாம்.

முதலாவது, ஒருநாள் பரிசுக்குப் பதிலாகத் தொடர் உதவி. ஒரு பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் பொறுப்பெடுத்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை விடக்கூடாது. பேருந்துச் செலவு, விடுதிச் செலவு, நோட்டுப் புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவை சிறு தொகைகள்தான். படிப்பை நிறுத்துவதும் இந்தச் சிறு தொகைகள்தான்.

இரண்டாவது, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பள்ளித் தலைமையாசிரியரும் இயற்கைக் கழகத்தாரும் இருக்கட்டும். பணம் கொடுத்தவர் மட்டும் உட்கார்ந்தால் சொந்தக்காரப் பிள்ளை முந்திக் கொள்ளும். வரவு செலவை ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டுங்கள். மேடையில் ஏழைப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பதை அடியோடு விடுங்கள்.

மூன்றாவது, வனவியல், விலங்கியல், சுற்றுச்சூழல் படிக்க முன்வரும் நம் சமுதாய மாணவ மாணவியருக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருவர் என்றாலும் போதும்.

இளைஞர்களே! சிப்காட்டில் ஷிப்டு முடித்து வந்து, ஞாயிறு முழுவதும் செல்போனில் கழிக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்தில் இருக்கும் இயற்கைக் கழகத்தாரோடு ஏரிக்கரைக்கோ காட்டோரப் பள்ளிக்கோ போய் வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த கன்னடமும் தெலுங்கும் அங்கே பெரிய உதவி. அடுத்த தேர்வு முடிவு வருவதற்குள் ஒரு பிள்ளையையாவது பள்ளிக்குத் திருப்பிக் கொண்டு வருவோம் என்று ஒவ்வொரு கடைவீதியும் முடிவெடுத்தால், அந்தப் பிள்ளைக்கு மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். ஜூன் மாதத்தில் அவன் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் போதும்.