டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் புகுந்த கடைகளில் சரக்கோடு தரையும் போயிற்று. பழைய தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டவர்கள் நம்மில் உண்டு. இனிப் போட இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

டைல்ஸ் வாங்கும்போது பெட்டி விலை, வண்டி வாடகை, சதுர அடிக் கூலி என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறோம். எப்படி அறுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கொத்தனாரிடம் கேட்பதில்லை. பகலில் வியாபாரம் கெடும் என்பதால் இரவில் வேலை வைக்கிறோம். அடுத்த கடைக்காரர் சத்தம் போடுவார் என்று ஷட்டரையும் இறக்கிவிடுகிறோம். உள்ளே நான்கு அங்குல பிளேடு போட்ட கை மெஷினில் தண்ணீர் இல்லாமல் அறுக்கிறார்கள். வெள்ளைத் தூசி வெளியே போக வழியில்லை. காலையில் கடை திறந்தால் அரிசி மூட்டை, பருப்பு டப்பா, தராசுத் தட்டு எல்லாவற்றிலும் அதே தூசி.

கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துடைத்துவிடலாம். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூசி. டைல்ஸிலும் கிரானைட்டிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, அதைத் தழும்பாக்கிவிடும். இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. இருமலும் இளைப்புமாக இருப்பதால் காசநோய் என்றே நினைத்துப் பல காலம் மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோய் எளிதில் தொற்றவும் செய்யும். சிலிக்கா தூசி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே அறிவித்துவிட்டது.

இது நம் நாட்டில் புதிய கதை அல்ல. மத்தியப் பிரதேசம் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களும், குஜராத் கம்பாத்தில் அகேட் கல் தேய்த்தவர்களும் இந்த நோயால் இளவயதிலேயே மாண்டிருக்கிறார்கள். ராஜஸ்தான் அரசு 2019-ல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் உதவித்தொகை என்று அறிவித்தது. சமையல் மேடைக்கும் கடைக் கவுண்டருக்கும் போடும் செயற்கை குவார்ட்ஸ் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. அதை அறுத்த இளைஞர்கள் பலர் நோயில் விழுந்ததே காரணம்.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவு அல்ல, தண்ணீர்தான். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்தால் தூசி கிளம்பாமல் சேறாகக் கீழே இறங்கிவிடும். தொட்டியும் பம்பும் உள்ள மேஜை மெஷினில் அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் அதிகம் செலவாகாது. சேறு கெட்டியானால் மட்டும் மாற்ற வேண்டும். நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு என்பதால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டால் பம்பு துருப்பிடிக்காது.

நம் பைக்கும் இதில் ஆதாயம் உண்டு. பிளேடு சூடேறாததால் நீடித்து உழைக்கும். டைல்ஸ் ஓரம் பொரியாது. விளிம்பு வெட்டில்லாத வைரப் பிளேடு போட்டு, பென்சில் கோட்டின் கழிவுப் பக்கமாகப் பிளேடை வைத்து, முழு வேகம் பிடித்த பிறகு மெதுவாகத் தள்ளினால் அளவு பிசகாது. பிளேடின் கனமே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அதைக் கணக்கில் சேர்க்காதவர்தான் டைல்ஸை வீணாக்குகிறார். தூண், குழாய் ஓரங்களில் மூலையாக அறுக்கும்போது, முதலில் அந்த மூலையில் ஒரு துளை போட்டுக்கொண்டால் விரிசல் ஓடாது.

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாதாரண கை மெஷினில் உதவியாள் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. தண்ணீருக்கென்றே செய்த மெஷின்தான் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டும் கருவி, எர்த் உள்ள மூன்று முனை பிளக், தரையில் கிடக்காத வயர் ஆகியவை கட்டாயம். பிளேடு மூடியைக் கழற்றக் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். தொளதொளவென்ற துணியோ கையுறையோ பிளேடு பக்கம் போகக் கூடாது. கை மெஷினைக் கட்டடத்துக்குள் ஓட்டினால் தண்ணீர் விட்டாலும் மூச்சுக் கவசம் தேவை என்று அமெரிக்கா 2016-ல் விதி செய்தது. முகத்தில் கட்டும் துண்டு கவசம் ஆகாது, என்95 வேண்டும். வேலை முடிந்தபின் காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி கிளம்பும். ஈரமாக இருக்கும்போதே அள்ளிச் சாக்கில் கட்டிவிட வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் அது இறுகி அடைத்துக்கொள்ளும்.

"இதெல்லாம் கொத்தனார் பாடு, நமக்கென்ன" என்று சிலர் கேட்கலாம். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரை நம்முடையது. மூச்சடக்கிக் கடலில் இறங்குகிறவரின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கடைக்குள் வேலைக்கு வந்தவருக்குக் கயிறு நம் கையில்தான் இருக்கிறது. இரவோடு இரவாக முடிக்கச் சொல்வது நாம். ஷட்டரை இறக்குவது நாம். கூலியைக் குறைத்துப் பேசுவதும் நாம். தண்ணீர் விட்டு அறுத்தால் அரைநாள் கூடுதலாகும், அதற்குக் கூலி கேட்பார்கள் என்பது உண்மை. அந்த அரைநாள் கூலியைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே, இனிக் கடையில் டைல்ஸ் வேலைக்குப் பேசும் ஒவ்வொருவரும் "தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், அதற்கான கூலி சேர்த்தே" என்று துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுக்க வேண்டும். அறுக்கும் இடம் முடிந்தவரை கடைக்கு வெளியே, காற்றோட்டமாக இருக்கட்டும். சரக்கை அப்புறப்படுத்தியோ தார்ப்பாயால் மூடியோ வையுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேஜை மெஷின் விலை ஒரு கொத்தனாருக்குச் சுமைதான், ஒரு சங்கத்துக்குச் சுமை அல்ல. தெருவுக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும் சங்கத்துக்கு ஒன்று வாங்கி, மின்கசிவுக் கருவியோடு உறுப்பினர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக வைத்து முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். நம் கடைத் தரை பளபளப்பதற்காக இன்னொருவர் மூச்சு அடைபட வேண்டியதில்லை.