தோள் இறங்கினால் இழுத்துவிடாதீர்கள்!

2021 மார்ச் 23. புனேயில் இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்த ஷ்ரேயஸ் ஐயர், இடது தோளைப் பிடித்தபடி வெளியேறினார். மூட்டு நழுவியிருந்தது. அடுத்த மாதமே அறுவை சிகிச்சை. பொறுமையாகப் பயிற்சி எடுத்து, செப்டம்பரில் ஐ.பி.எல். களத்துக்குத் திரும்பினார்.

இதே காயம் ஊர்க் கபடி மைதானத்தில் ஏற்பட்டால் நடப்பது வேறு. ‘தோள் இறங்கிடுச்சு’ என்றதும் யாராவது இழுத்துப் பொருத்துவார். எண்ணெய் போட்டு நீவி ஒரு கட்டு. அடுத்த போட்டிக்குப் பையன் ரெடி! சில மாதங்களில் மறுபடி நழுவும். போகப்போக, சட்டை மாட்டும்போதும் தூக்கத்தில் புரளும்போதும்கூட நழுவும்.

ஏன் இப்படி? தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதன் விளிம்பில் உள்ள ‘லேப்ரம்’ என்ற ஜவ்வு வளையம்தான் கை எலும்பின் பந்து போன்ற முனை நழுவாமல் தடுக்கிறது. மூட்டு முன்பக்கமாக விலகும்போது அந்த வளையம் பிய்ந்துவிடுகிறது. பதின்வயதில் கபடி, ரக்பி போன்ற மோதல் விளையாட்டு ஆடுபவர்களுக்கு மீண்டும் நழுவும் ஆபத்து மிக அதிகம். ஒவ்வொரு முறை நழுவும்போதும் கிண்ணத்தின் எலும்பும் சேதமாகலாம்.

எலும்பு நன்றாக இருந்தால், சிறு துளைகள் வழியே பிய்ந்த வளையத்தை எலும்போடு தைத்துவிடலாம். இது ‘பேங்கார்ட்’ சிகிச்சை. எலும்பு அதிகம் தேய்ந்துவிட்டால், தோளின் முன்புறத்திலிருந்து ஒரு எலும்புத் துண்டை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஸ்க்ரூ வைத்துப் பொருத்த வேண்டும். இது 1954-ல் பிரெஞ்சு மருத்துவர் லாட்டர்ஜே விவரித்த முறை. நல்ல பலன் தரும். ஆனால், இன்னும் பெரிய ஆபரேஷன்.

முதல்முறை நழுவிய எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பலருக்கு பிசியோதெரபியே போதும். வயது, ஆடும் விளையாட்டு, எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்துத்தான் எலும்பு மருத்துவர் முடிவு செய்வார்.

மைதானத்தில் தோள் நழுவினால் இழுக்கவே கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பும் பாதிக்கப்படலாம். கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் கைத்தொட்டில், பிறகு படிப்படியாகப் பயிற்சி. மோதல் விளையாட்டுக்குத் திரும்ப சுமார் ஆறு மாதங்கள் ஆகும். ‘வலியே இல்லைப்பா’ என்று பையன் கெஞ்சுவான். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அனுப்பாதீர்கள். ஒரு சீசன் போனால் அடுத்த சீசன் வரும். தேய்ந்த எலும்பு தானாக வளராது.