விடுமுறையை நாமே திட்டமிடுவோம்



ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் பாடத்திட்டம் எழுதுகிறோம். நோக்கம், நடவடிக்கை, பயிற்றுத்துணைப் பொருள், சிந்தனை மீட்சி என ஒரு மணி நேரப் பாடத்திற்கே இத்தனை ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. ஆனால், ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே வாய்க்கும் குடும்ப விடுமுறையை, யாரோ அச்சிட்டுக் கொடுக்கும் பயண நிரலிடம் ஒப்படைத்துவிடுகிறோம். எட்டு மணிக்குப் பேருந்து, பத்து மணிக்குப் படம் பிடித்தல், பன்னிரண்டு மணிக்கு உணவு, இரண்டு மணிக்குப் பொருள் வாங்குதல். வீடு திரும்பியதும் களைப்புத் தீர இன்னொரு நாள் விடுப்புத் தேவைப்படுகிறது.

கணவனும் மனைவியும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், தாங்களே திட்டமிட்டு, தாங்கள் இருவர் மட்டும் ஒரு சிறு பயணம் சென்று வரவேண்டும் என்பது என் கருத்து. இது ஆடம்பரம் அன்று. குடும்ப நலத்திற்குத் தேவையான ஒன்று. சிலர் முகம் சுளிக்கலாம். காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாணவர் கட்டுரைகள் சொல்லும் செய்தி

ஒவ்வொரு தவணை விடுமுறைக்குப் பின்னும் மாணவர்களிடம் விடுமுறை அனுபவத்தைக் கட்டுரையாக எழுதச் சொல்வது வழக்கம். பல ஆண்டுகளாக இக்கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். இடங்கள் மாறும், ஆனால், ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. "அப்பா வாகனம் ஓட்டினார். அம்மா சமைத்துக் கொடுத்தார். நாங்கள் விளையாடினோம்." கடற்கரைக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் அம்மா சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார். விடியற்காலையில் எழுந்து எல்லாருக்கும் நாசி லெமாக் கட்டியவரும் அவர்தான். மாலையில் ஈரத்துணிகளைப் பிழிந்து காயவைத்தவரும் அவர்தான். வீட்டு வேலை அப்படியே இருக்க, வீடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. இதை விடுமுறை என்று எப்படி அழைப்பது?

மாணவர்கள் கண்டதைத்தான் எழுதுகிறார்கள். அவர்கள்மீது பிழையில்லை.

ஏன் பங்கோர்?

கடந்த ஆண்டு எங்கள் திருமண நாளையொட்டி, நானும் என் கணவரும் பங்கோர் தீவுக்கு இரண்டு இரவுப் பயணம் மேற்கொண்டோம். பிள்ளைகள் இருவரும் என் மாமியாரிடம் இருந்தனர். சுற்றுலா நிறுவனம் எதனையும் நாடவில்லை. ஒரு பள்ளிப் பயிற்சி நூலின் கடைசிப் பக்கங்களில் இருவரும் எழுதித் திட்டமிட்டோம்.

முதலில் எழுந்தது இடம் பற்றிய கேள்வி. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகியவை அழகிய தீவுகள்தாம். ஆனால், அவை கிழக்குக் கரையில் உள்ளவை. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது அங்குக் கடல் கொந்தளிக்கும். விடுதிகள் பலவும் மூடப்படும். பங்கோரோ மேற்குக் கரையில், பேராக் மாநிலத்தில் உள்ளது. தித்திவங்சா மலைத்தொடர் வடகிழக்குக் காற்றை ஓரளவு தடுக்கிறது. தென்மேற்குக் காற்றுக்குச் சுமத்ரா அரணாக நிற்கிறது. லூமுட் துறைமுகத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் படகேறினால் தீவு தொலைவில் இல்லை. இத்தனையையும் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவருமாகப் பேசித் தெரிந்துகொண்டோம். புவியியலைப் பள்ளியோடு விட்டுவிட்டதாக நினைத்திருந்த என் கணவர், அன்றிரவு பதினொரு மணி வரை அந்த நிலப்படத்தை விட்டு எழவில்லை.

அடுத்து, யாருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி. எனக்குக் கடற்கரையும் கடைத்தெருவும் போதும் என்றே அவர் நினைத்திருந்தார். வரலாற்றுப் பாடத்தில் வாயால் மட்டுமே சொல்லி வந்த இடங்களை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்றேன். அவர் வியந்தார். அவருடைய விருப்பமோ மிக எளியது. தூண்டிலோடு படகுத்துறையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமாம். பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் அவருக்குத் தூண்டில் போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது! அச்சிட்ட பயண நிரல் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாமே திட்டமிடும்போது ஒருவரையொருவர் கேட்டாக வேண்டியிருக்கிறது. பயணத்தின் முதல் பயன், பயணம் தொடங்கும் முன்பே கிடைத்துவிட்டது.

கண்டவை

தீவில் இளஞ்சிவப்பு நிற வேன்கள்தாம் வாடகை வண்டிகள். நாங்கள் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம். நாற்பதைக் கடந்த இருவர் தலைக்கவசம் அணிந்து மேட்டிலும் பள்ளத்திலும் சென்றதை என் மாணவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

தெலுக் கெடுங்கில் உள்ள டச்சுக்கோட்டை 1670-இல் கட்டப்பட்டது. பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைக்கவும் அவ்வணிகத்தைத் தம் பிடியில் வைத்துக்கொள்ளவும் டச்சுக்காரர்கள் அதனை எழுப்பினர். 1690-இல் உள்நாட்டு மக்கள் அதனைத் தாக்கினர். இன்று நாம் காண்பது 1973-இல் சீரமைக்கப்பட்ட சுவர்கள். அவ்வளவு சிறிய கோட்டை அது. நம் பள்ளி மண்டபத்தை விடப் பெரியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாட்டின் ஈயத்தை அடக்கியாள இவ்வளவு சிறிய கட்டடம் போதுமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதே கேள்வியை இப்போது வகுப்பில் கேட்கிறேன்.

1874 ஜனவரி 20-இல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தமும் இத்தீவின் பெயரையே தாங்கியுள்ளது. அதன்வழி பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் அமர்த்தப்பட்டார். முதல் ரெசிடென்டான பெர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். இக்கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்த ஆண்டுகள் மனனம் செய்வதற்கான எண்களாகத் தெரியவில்லை.

நம்மவர் சுவடுகளும் இங்கு உண்டு. தீவின் பத்ரகாளியம்மன் ஆலயத்தில் மாசி மகத் திருவிழா சிறப்பாக நடைபெறுகிறது. ஒரு தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. படகேறிச் சென்று பணியாற்றும் ஆசிரியர்களை நினைத்தபோது, போக்குவரத்து நெரிசலைப் பற்றி இனி முணுமுணுக்கக்கூடாது என்று தோன்றியது.

மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாய்ச்சிப் பறவைகள் இணையிணையாக வந்து அமர்ந்தன. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை சிறு துளை வழியே அதற்கு உணவூட்டும். இதை என் கணவரிடம் சொன்னேன். "அப்படியானால் இன்றிரவு உணவை நான் வாங்கி வருகிறேன்" என்றார். நெத்திலி சம்பலும் வறுத்த மீனும் சோறும் வந்தன. அடுப்பும் இல்லை, பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் மழை. தீவைச் சுற்றும் படகுப் பயணம் நடக்கவில்லை. ஒரு தேநீர்க் கடையின் கூரைக்கடியில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். பிள்ளைகளின் மதிப்பெண், வீட்டுக் கடன் ஆகிய இரண்டையும் தவிர்த்து அத்தனை நேரம் பேச எங்களிடம் செய்தி இருந்தது.

எழக்கூடிய மறுப்புகள்

"பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் மட்டுமா?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், பெற்றோர் ஒருவரையொருவர் மதித்துப் பேசுவதும் நேரம் ஒதுக்குவதும் பிள்ளைகள் பார்த்துக் கற்கும் பாடங்கள் அல்லவா? பிள்ளைகளின் டியூஷன் நேரத்தைத் தவிர வேறெதையும் பேசாத பெற்றோரின் வீட்டில், மௌனத்தைத்தான் பிள்ளை பாடமாகக் கற்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. பல வீடுகளில் தேர்வுக்கால இறுக்கம் மட்டும் இன்னும் அகலவில்லை.

"பணம்?" எனலாம். எங்களுக்கு எல்லாச் செலவும் சேர்த்து எழுநூறு ரிங்கிட்டுக்குள் அடங்கியது. எங்கே குறைக்கலாம், எதில் குறைக்கக்கூடாது என்று தீர்மானித்தவர்கள் நாங்களே.

சுற்றுலா நிறுவனங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதான பெற்றோர் தமிழ்நாட்டுத் திருத்தலங்களுக்குக் குழுவாகச் செல்லும்போது, வழிகாட்டியும் ஏற்பாடு செய்யப்பட்ட உணவும் பெரும் துணை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஒரு நாள் காலையில் சென்று மாலையில் திரும்பலாம். அதுவும் முடியாதோர் பிள்ளைகளோடே செல்லலாம். அப்போதும் திட்டம் நம்முடையதாகவும், சமையல் எல்லாருடையதாகவும் இருக்கட்டும்.

என் பரிந்துரை

பெற்றோர்களே, அடுத்த விடுமுறைக்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். ஒரு பக்கம் கணவரின் விருப்பம், மறுபக்கம் மனைவியின் விருப்பம். பார்க்காமல் தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை ஒத்துப்போகின்றன என்பதைவிட, எத்தனை உங்களுக்குப் புதிய செய்தி என்பதைக் கவனியுங்கள். பயணம் முடிந்ததும் சிந்தனை மீட்சியாக நான்கு வரி எழுதுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, விடுமுறைக் கட்டுரை எழுதச் சொல்லும்போது "பயணத்தை யார் திட்டமிட்டார்? அம்மாவுக்கு ஓய்வு கிடைத்ததா?" என்ற இரு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பதில்கள் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அவற்றை வீட்டில் படித்துக் கையொப்பமிடும் பெற்றோருக்கும் பாடமாகலாம்.

உங்கள் மாற்றுக் கருத்துகளையும் அறிய ஆவலாக உள்ளேன்.